கோணக்காணியின் கொம்பும் காலும்

நான் எழுதிய புரோகிராம் விண்டோஸில் ஓடும், லினக்ஸில் ஓடும், மேக்கிலும் ஓடும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. எங்கள் பக்கத்தில் கதிர் குலுங்க நிற்கும் வயலுக்குச் சொந்தக்காரரிடம் விளைச்சல் எப்படி என்று கேட்டால், "ஏதோ வந்துருக்குங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வார். கண் பட்டுவிடும் என்ற பயம். எனக்கு அந்த நடிப்பெல்லாம் வராது. விளைந்திருந்தால் விளைந்திருக்கிறது என்றுதான் சொல்வேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே ரூபி என்ற மொழியில் புரோகிராம் எழுதுவது என் பிழைப்பு. என் அக்கா விவசாயம் செய்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டு, களையெடுத்து, அறுத்து எங்களை ஆளாக்கினார்கள். அக்கா கல்லூரி முடித்து ஜவுளிக்கடையில் கொஞ்சகாலம் நின்று பார்த்தாள். பிறகு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்து, கீழ்க்கரையில் கோணக்காணி என்ற வயலைக் குத்தகைக்குப் பிடித்தாள். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பொறுப்பில் சாகுபடி செய்த முதல் ஆள் அவள்தான். நான் சொல்லப்போவது அவளுடைய முதல் சம்பா அறுவடை பற்றி.

எங்கள் பகுதி விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து இரண்டு அறுப்பு மிஷின் வாங்கியிருந்தார்கள். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஈரவயலுக்கு செயின் வண்டி. தை பிறந்துவிட்டால் போதும், யார் வயலுக்கு முதலில் என்று சண்டை ஆரம்பித்துவிடும். சத்தம் போடத் தெரிந்தவருக்கு முதலில் போகும், டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தவருக்கு அடுத்து போகும், வாய் இல்லாதவர் வயலில் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்து முளைக்கும். இதைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகி, "நான் ஒரு புரோகிராம் எழுதித் தர்றேன்" என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்.

கதிர் எவ்வளவு முற்றியிருக்கிறது, சாய்ந்திருக்கிறதா, வயலில் தண்ணீர் நிற்கிறதா என்ற விவரங்களை வைத்து புரோகிராம் வரிசை போடும். முறை வந்தவருக்குப் போனில் மெசேஜ் போகும். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டாம். அன்று அந்தக் கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னேன்: "எங்க அக்கா வயலும் இதுலதான் இருக்கு. அதுக்கும் வரிசைப்படிதான். சலுகை கிடையாது." எல்லோரும் கை தட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்காவும் தட்டினாள்.

எழுதுவது பெரிய வேலையாக இல்லை. மூன்று விதமான கணினியில் ஓட வைப்பதுதான் உயிரை வாங்கியது. என் லேப்டாப்பில் லினக்ஸ். குழு ஆபீஸில் இருந்தது விண்டோஸ் கணினி. மூன்றாவது ஆள், என்னோடு பள்ளியில் படித்து சிங்கப்பூருக்கு வாக்கப்பட்டுப் போன தோழி; அவள் வைத்திருந்தது மேக். அவள் அப்பா வயலும் கீழ்க்கரையில் இருந்ததால், "கீழ்க்கரை வயல் விவரமெல்லாம் நான் சேத்துத் தர்றேன்டி" என்று அவளாகவே பொறுப்பெடுத்துக்கொண்டாள். ஜனங்கள் அவளுக்கு வாட்ஸ்அப்பில் வயலைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அவள் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு, மொத்தத்தையும் கட்டி எங்களுக்கு அனுப்புவாள். மேல்கரை வயல்களை ஆபீஸில் இருந்த பெண் பார்த்துக்கொண்டாள்.

ஒரே ரூபிதான், ஆனால் மூன்று கணினிக்கும் மூன்று புத்தி. முதலில் நான் ஃபோல்டர்களுக்கு சர்வே நம்பரையே பெயராக வைத்திருந்தேன். எங்கள் நிலங்களின் சர்வே நம்பர் முக்கால்வாசி நூற்றுப்பன்னிரண்டின் கீழ் மூன்று என்பது மாதிரி நடுவில் சாய்ந்த கோடு உள்ளவை. அந்தக் கோட்டைக் கண்டதும் கணினி அதை ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டது. கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி வைத்தால், அந்தப் பெயரே செல்லாது என்றது விண்டோஸ். சனியனே என்று நம்பரை விட்டுவிட்டு, ஜனங்கள் வாயில் புழங்கும் வயல் பெயர்களையே வைத்தேன். நடுக்கட்டளை, வேப்படி, சித்தேரி, கோணக்காணி. பார்க்கவும் லட்சணமாக இருந்தது.

அதற்குப் பிறகும் விடவில்லை. ஆபீஸ் பெண் விண்டோஸில் டைப் செய்த மொத்த வயல்களின் பெயர்ப்பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு வந்தது. அதைச் சுரண்டி எறியச் சொன்னேன். ஒரு ஃபோல்டர் பெயருக்கும் அடுத்ததற்கும் நடுவில் எந்தப் பக்கம் சாய்ந்த கோடு போடுவது என்ற தொல்லையை ரூபியின் தலையிலேயே கட்டினேன். தமிழ் எழுத்துகள் ஆபீஸ் கணினியில் கேள்விக்குறிகளாக வந்து நின்றபோது, எதைத் திறந்தாலும் யூனிகோடாகவே திற என்று அடித்துச் சொன்னேன். ஒவ்வொன்றையும் சரிசெய்யச் சரிசெய்ய எனக்குத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மூன்றிலும் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியபோது அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாருக்கு. ஓடுதுன்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதே, அதுதான் அடையாளம் என்றேன்.

அறுவடை தொடங்கியது. மெசேஜ் போனது, வண்டி போனது, சண்டை இல்லை. டீக்கடையில் ஆள் தெரியாதவர்கள்கூட என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஆபீஸ் பெண், "அக்கா, இந்த வருஷம் எனக்குத் திட்டே விழலக்கா" என்றாள். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்தபோதும் எனக்குக் கலக்கமில்லை. சாய்ந்த வயலும் ஈரவயலும் முதலில் அறுபட்டுவிடும், அப்படித்தானே எழுதியிருக்கிறேன் என்று தெம்பாக இருந்தேன்.

அப்படி ஒரு காலையில்தான் அக்காவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கோணக்காணிக்குப் போனேன். கதிர் முற்றி, பாதி வயல் சாய்ந்து படுத்திருந்தது. அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவள் வரப்பில் உட்கார்ந்து, சாய்ந்த கதிர்களை நாலைந்தாகச் சேர்த்துத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். செயின் வண்டி எங்களைத் தாண்டி, இன்னும் பச்சை மாறாத ஒரு வயலை நோக்கிப் போனது.

"என்னக்கா, உனக்கு இன்னும் மெசேஜ் வரலையா?"

"வரல."

"கேக்க வேண்டியதுதானே?"

"நீதானே போடுற. உனக்கு ஒரு கணக்கு இருக்கும்னு விட்டுட்டேன்."

"என்ன கணக்கு?"

"அக்கா வயல முன்னாடி போட்டா ஊரு பேசும்ல. அதான் கடைசில வச்சிருப்பன்னு நெனச்சேன். பரவால்லடி, நீ சொன்ன வாக்கு நிக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வரிசைப்படி என்றால் வரிசைப்படிதான். முன்னால் தள்ளுவதும் கிடையாது, பின்னால் தள்ளுவதும் கிடையாது. சாய்ந்து, ஈரத்தில் நிற்கும் இந்த வயல் முதல் நாளே அறுபட்டிருக்க வேண்டும். என் பெயருக்காக அவள் தன் பயிரை விட்டுக்கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கு மூளை இருக்கா?" என்று அவளைத் திட்டிவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினேன். கிழக்கே வானம் மூட்டமாக இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து ஓட்டினேன். பிழை எதுவும் இல்லை. கோணக்காணியும் இல்லை. பெயர்ப்பட்டியலில் கோணக்காணி இருக்கிறது. கோணக்காணி என்ற ஃபோல்டரும் இருக்கிறது. உள்ளே சாய்ந்த கதிரின் படம்கூட இருக்கிறது. இரண்டு பெயரும் ஒன்றா என்று ரூபியைக் கேட்டேன். இல்லை என்றது. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். தோழி தன் மேக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எல்லா வயலும் வருதேடி. உங்க அக்காது நேத்தே முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். மொத ஆளா நிக்குது பாரு" என்றாள். ஆக, மேக்கில் என் அக்காதான் முதல். மெசேஜ் அனுப்புகிற ஆபீஸ் விண்டோஸிலும் என் லினக்ஸிலும் அப்படி ஒரு வயலே கிடையாது.

ஃபோல்டர் இருந்தும் வரிசையில் வராத வேறு வயல்கள் உண்டா என்று தேடினேன். இருந்தன. கொக்கடி, தோப்படி, பொட்டத்திடல். எல்லாமே தோழி அனுப்பிய கீழ்க்கரை வயல்கள். ஆனால் அவள் அனுப்பிய வேப்படி ஒழுங்காக வந்திருக்கிறது. வாழைக்கட்டளை வந்திருக்கிறது. நான் பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். கொக்கடி, கோணக்காணி, தோப்படி, பொட்டத்திடல். வேப்படிக்குக் கொம்பு உண்டு, கால் இல்லை. வாழைக்கட்டளையின் 'வா'வுக்குக் கால் உண்டு, கொம்பு இல்லை. கொம்பும் காலும் சேர்ந்து ஓர் எழுத்தை நடுவில் பிடித்துக்கொண்டிருக்கும் பெயர்கள் மட்டும்தான் காணாமல் போயிருக்கின்றன!

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். விஷயம் இதுதான். 'கோ' என்று எழுதும்போது அந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாகவும் வைத்துக்கொள்ளலாம், கொம்பு தனியாகக் கால் தனியாக இரண்டு குறியாகவும் வைத்துக்கொள்ளலாம். யூனிகோடு இரண்டையும் சரி என்கிறது. ஆபீஸில் டைப் செய்ததில் அது ஒரே குறி. தோழியின் மேக்கில் கையால் உண்டாக்கிய ஃபோல்டர் பெயரில் அது இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. மேக் இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும், அதனால் அவளுக்குக் குறையே தெரியவில்லை. மற்ற இரண்டும் அப்படியில்லை, உள்ளே இருக்கும் குறி மாறினால் பெயரே வேறு. பெயருக்கு ஃபோல்டர் இல்லாவிட்டால் விவரம் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொண்டு தாண்டிப் போ என்று நான் எழுதியிருந்தேன். அது பாட்டுக்குத் தாண்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தப்பு என்னுடையதா, எழுத்துக்கு இரண்டு வழி வைத்தவர்களுடையதா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் மணிக்கணக்கில் வாதாடுவேன். ஆனால் இங்கிலீஷ்காரன் எவனும் தன் ஆயுசுக்கும் பார்க்க முடியாத ஒரு பிழையை, கொம்பும் காலும் போட்டு வளர்ந்த ஒருத்தி பெயரைப் படித்தே பிடித்தாள். அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

மருந்து மிகச் சின்னது. எங்கிருந்து எந்தப் பெயர் வந்தாலும், ஒப்பிடுவதற்கு முன்னால் கொம்பையும் காலையும் ஒன்றுசேர்த்துவிடு என்று ரூபியிடம் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டேன். தாண்டிப் போ என்ற வரியைத் தூக்கிவிட்டு, ஃபோல்டர் கிடைக்காவிட்டால் சத்தம் போடு என்று எழுதினேன். ஓட்டினேன். கோணக்காணி முதலில் வந்து நின்றது.

இனிமேல்தான் தலைவலி. மறுநாள் காலை செயின் வண்டிக்கு ஏற்கெனவே வேறொருவருடைய மேல்கரை வயலுக்கு மெசேஜ் போயிருந்தது. இரண்டு கரையிலும் நிலம் உள்ள பண்ணைக்காரர் அவர். என் அப்பா அவர் களத்தில் பல வருஷம் கதிர் அடித்தவர். அவர் முறையை நிறுத்தி, அந்த இடத்தில் என் அக்காவை வைக்க வேண்டும். சலுகை கிடையாது என்று மார்தட்டியவள் நான்தான். ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு வரப்பில் உட்கார்ந்து கதிரைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தவள் நினைவுக்கு வந்தாள். குழுத் தலைவருக்குப் போன் செய்து, சாயங்காலம் எல்லாரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னேன்.

வந்தார்கள். அக்கா வரவில்லை, கதிர் கட்டுகிற வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பிவிட்டாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பண்ணைக்காரர் கையை உயர்த்தினார்.

"ஏம்மா, சலுகை கிடையாதுன்னு அன்னைக்கு நீதான் சொன்ன. இன்னைக்கு அக்காவுக்காக கம்ப்யூட்டரையே மாத்திட்டு வந்து நிக்கிற."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. ஆபீஸ் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் பெரிதாக 'கோ' என்று எழுதினேன்.

"இது எத்தன எழுத்துங்க?"

"ஒண்ணுதான்," என்றார் தலைவர்.

"அதெப்படி? கொம்பு போட்டு, க போட்டு, கால் வாங்கணும். மூணு தடவ கை எடுக்குறோம்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சொன்னா ஒரே எழுத்துதானேய்யா!"

"எழுதும்போது எப்படிய்யா ஒண்ணாகும்?"

பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கியதெல்லாம் கிளம்பி வந்து, ஆபீஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்து ரகளையானது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுச் சொன்னேன்: "இதே சண்டையத்தான் அந்தக் கம்ப்யூட்டருங்களும் போட்டுக்கிட்டு இருந்துச்சுங்க. அதுல கொம்பும் காலும் உள்ள வயலெல்லாம் மாட்டிக்கிச்சு. கொக்கடிக்காரங்க, தோப்படிக்காரங்க, உங்களுக்கு மெசேஜ் வந்துச்சா?"

இல்லை என்று தலையாட்டினார்கள். பண்ணைக்காரரைப் பார்த்தேன்.

"ஐயா, உங்க பொட்டத்திடலுக்கு வந்துச்சுங்களா?"

"அது இன்னும் வரல. அடுத்து வரும்னு இருக்கேன்."

"வராதுங்கய்யா. பழைய புரோகிராம்ல அது எப்பவுமே வராது. பொ-வுல கொம்பும் இருக்கு, காலும் இருக்கு. இப்ப ஓட்டுறேன், பாருங்க."

ஆபீஸ் விண்டோஸ் கணினியில், எல்லோரும் பார்க்க, திருத்திய புரோகிராமை ஓட்டினேன். முதல் மெசேஜ் அக்காவுக்குப் போயிருக்கும், அவள் அங்கில்லை. பிறகு கொக்கடிக்காரர் சட்டைப்பையில் ஒரு சத்தம். தோப்படிக்காரருக்கு ஒன்று. பண்ணைக்காரர் கையிலிருந்த போனும் கூவியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பொட்டத்திடலுக்கு, கோணக்காணி முடிந்த மறுநாள்.

"கோணக்காணி அவ்வளவு மோசமாவா சாஞ்சிருக்கு?" என்றார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "விவசாயம் பண்ணத் தெரிஞ்ச பொண்ணு. கதிரப் பாரு, எப்படி வந்துருக்கு. முதல்ல அது அறுபடட்டும்மா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அக்காவின் பயிரை ஊர் நடுவில் ஒருவர் புகழ்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க அவள் அங்கில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

மறுநாள் மழை பெய்தது. ஆனால் நெல் டிரெய்லரில் ஏறி, தார்ப்பாய் போட்டு இழுத்துக் கட்டிய பிறகுதான் பெய்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்ல நினைப்பது அன்று காலையில் நடந்ததை.

செயின் வண்டி வந்து கோணக்காணி ஓரத்தில் நின்றது. மேகம் கறுத்து, தாழ வந்திருந்தது. நானும் அக்காவும் வரப்பில் நின்றோம். அவள் புடவையைத் தூக்கிச் செருகி, முட்டிவரை சேறாக இருந்தாள். டிரைவர் சேலம் பக்கத்துக்காரர், அந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு வந்தவர். எஞ்சினை அணைக்காமல் மேலேயிருந்து எங்களைப் பார்த்தார். வயலில் கல், கட்டை எங்கே கிடக்கிறது, எந்த மூலையில் இறங்கலாம் என்று பயிருக்குரியவர் காட்டிய பிறகுதான் அவர்கள் வண்டியை இறக்குவார்கள்.

"ஓனர் வந்துட்டா எறக்கிடலாங்க," என்றார்.

நாங்கள் இருவரும் ரோட்டைத் திரும்பிப் பார்த்தோம். பழக்கம். பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் ரோட்டைத்தான் பார்ப்போம், வெள்ளை வேட்டியோடு யாராவது வருகிறார்களா என்று. ரோட்டில் யாரும் இல்லை. டிரைவரும் எங்களோடு சேர்ந்து ரோட்டைப் பார்த்தார். காற்று ஈரமாக வீசியது.

அக்காதான் முதலில் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியதை நான் பார்த்தேன். அவளாகச் சொல்லட்டும் என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு, டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தாங்க ஓனர்," என்றாள். "வாங்க, இந்த மூலைல எறக்குங்க."